சாரலுக்குத் தூங்கப்போட்ட எச்சரிக்கைகள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எதைப் பற்றி என்றேன். "உங்க அனுபவந்தான் அண்ணாச்சி, பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தைரியம் வர்ற மாதிரி" என்றார்கள். ஆளைத் தப்பாகப் பிடித்துவிட்டார்கள். இந்த வேலையில் இருந்த காலம் முழுவதும் நான் பயந்துகொண்டேதான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டு மோட்டாரின் சத்தம் கொஞ்சம் மாறினால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன். "உங்களுக்குக் கரண்டு இருந்தாலும் கவல, போனாலும் கவல" என்பாள் என் மனைவி. அவள் சொல்வதில் தப்பில்லை. ஆகவே தைரியம் வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள். எனக்குத் தெரிந்தது பயம் ஒன்றுதான். அதை எப்படி உருப்படியாகப் படுவது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

நம் வேலை இன்னதென்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி நான் ஜெயித்ததே இல்லை. கம்பெனிகள் தங்கள் அன்றாடக் காரியங்களை மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகின்றன. இருப்பு எவ்வளவு என்று பார்ப்பது, குறைந்தால் ஆர்டர் போடுவது, குடோனுக்குச் சொல்வது, வண்டியைக் கிளப்புவது எல்லாம் அதன் பாடு. அந்த மென்பொருள் ஓடுகிறதா, ஓட வேண்டிய பாதையில்தான் ஓடுகிறதா, அது குடியிருக்கும் கணினிகளுக்கு மூச்சு இருக்கிறதா என்று தென்காசியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது நம் பாடு. பாவூர்சத்திரத்தில் என் மச்சான் ஒருவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பொ இது வாட்ச்மேன் வேல" என்றார். ரொம்ப வருஷம் அது எனக்குக் கோபமாக இருந்தது. பிறகு யோசித்தால் அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

ஒரே ஒரு வித்தியாசம். வாட்ச்மேன் சுற்றி வந்து பார்ப்பார். நம்மை யாராவது கூப்பிட்டால்தான் நாம் திரும்பிப் பார்ப்போம். திரையில் பச்சை இருந்தால் டீ, மஞ்சள் வந்தால் நிமிர்ந்து உட்காருவது, சிவப்பு வந்தால் ஓட்டம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பதை அப்படியே ஒரு தொழிலாக ஆக்கி வைத்திருக்கிறோம். அழக்கூடத் தெம்பில்லாமல் ஒரு பிள்ளை கிடந்தால் அதை யார் பார்ப்பது என்று நான் வெகுகாலம் யோசிக்கவில்லை.

யோசிக்காததற்கு ஒரு காரணமும் உண்டு. நான் வேலை பழகியது ஒரு மேலாளரிடம். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. காய்கறி மண்டி ஒன்றின் மென்பொருளை அப்போது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். எந்த வண்டி எந்த வாசலில் நிற்க வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். ஒரு நாள் காலை அதன் போக்கில் ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தோன்றி முழுவதையும் நிறுத்திவிட்டார். தோன்றியது தப்பு. மென்பொருள் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. தக்காளி வண்டிகள் தெருவில் வரிசையாக நின்று, வெயில் ஏறி, கீழே இருந்த பெட்டிகள் கசிய ஆரம்பித்தன. வியாபாரிகள் எங்கள் அறைக்கே வந்து ஏசினார்கள். நெல்லைச் சீமையில் ஏச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் போன பிறகு அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னது இது: "சந்தேகத்துக்கு நிறுத்தாத. தெரிஞ்சா நிறுத்து." நான் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நல்ல மனிதர், நல்ல வார்த்தை. அந்த நல்ல வார்த்தைதான் ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்தது.

டயாலிசிஸ் மையங்களுக்குச் சாமான் அனுப்பும் ஒரு கம்பெனி எங்களிடம் வந்தது. அவர்களுடைய குடோன் ஆலங்குளத்தில். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த இயந்திரத்துக்குக் கேன் கேனாக ஒரு திரவம் வேண்டும். அது இல்லையென்றால் இயந்திரம் வெறும் இரும்பு. ஒவ்வொரு மையத்திலும் நர்ஸ் ஒரு கேனைத் திறக்கும்போது அதன் மேலுள்ள பார்கோடை ஒரு கருவியில் காட்டுவார். இருப்பில் ஒன்று குறையும். அந்தக் கணக்கு நெட் வழியாக மென்பொருளுக்கு வரும். ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக ஆர்டர், தானாக லோடு, தானாக வண்டி. முன்பெல்லாம் நர்ஸுகள் குடோனுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தொல்லையை ஒழித்தோம். இனிமேல் போன் பண்ண வேண்டாம், எல்லாம் தானாக வரும் என்று மையம் மையமாகப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தோம். எங்களுக்கு அதில் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கத்துக்கு வருகிறேன். சீசன் வந்தால் குற்றாலத்துப் பக்கம் லைன் நிற்காது என்பது உங்களுக்குத் தெரியும். சாரலும் காற்றும் சேர்ந்தால் நெட் போகும், வரும், மறுபடி போகும். அந்தப் பக்கத்து மையங்களிலிருந்து 'கணக்கு வரவில்லை' என்று எச்சரிக்கை நொடிக்கொரு தரம் அலறும். ஓடிப் போய்ப் பார்த்தால் அதற்குள் லைன் வந்திருக்கும். காது புளித்துப்போய், எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு வழக்கம் ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். முதல் சாரல் விழுந்த அன்று அறைக்குச் சுடச்சுட வடை வாங்கி வர வேண்டும். வடையைத் தின்றுவிட்டு, மேற்குப் பக்கத்து மையங்களின் அந்த ஒரு எச்சரிக்கையை மட்டும் சீசன் முடியும்வரை தூங்கப்போட வேண்டும். 'சாரல் தூக்கம்' என்று அதற்குப் பெயரே உண்டு. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒன்று தோன்றாது. மழையைப் பார்த்து மணியைக் கட்டிவைக்கிற சாமர்த்தியம் நமக்குத்தான் வரும்.

அதனால் மட்டும் தப்பு வந்திருக்காது. அதே லைன் தொல்லையால் ஆர்டர்கள் பாதியில் அறுந்து விழுகின்றன என்று அந்தக் கம்பெனி சொன்னது. அதனால் மென்பொருளை எழுதியவர்கள் ஒரு வழி செய்தார்கள். ஒரு மையத்திலிருந்து கணக்கு வராவிட்டால், கடைசியாக வந்த கணக்கையே எடுத்து அன்றைய கணக்காக வைத்துக்கொண்டு மேலே போகும். இதிலும் குற்றம் சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் லைன் போவதற்கு அது நல்ல வழிதான். எச்சரிக்கை ஒருபக்கம் தூங்குகிறது, மென்பொருள் இன்னொரு பக்கம் பழைய சோற்றைப் புதுச் சோறாகப் பரிமாறுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்து ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதத்தில் செய்த நல்ல காரியங்கள்.

அந்த வருஷம் சாரல் ஒரேயடியாக அடித்தது. ஒரு காலை அறைக்குப் போனேன். ஜன்னலில் மலை தெரியவில்லை, மேகம் பாதி ஊரை மூடியிருந்தது. திரை முழுக்கப் பச்சை. ஷிஃப்டில் என்னோடு இருந்தது இசக்கியம்மாள். நாங்கள் இசக்கி என்போம். என்னைவிட வயதில் ரொம்பச் சிறியவள், வேலையில் என்னைவிட வேகம், பயம் மட்டும் கிடையாது. பயப்படுகிற என்னைக் கேலி செய்வது அவளுக்குக் காலைப் பலகாரம் மாதிரி.

"பச்சையா இருக்கு, அதனால அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளல" என்றாள்.

உண்மையிலேயே இருப்புக் கொள்ளவில்லை. இந்தக் காற்றுக்கு மின்கம்பமே சாய்ந்திருக்கும். குற்றாலத்திலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. முனகலைத்தான் நாமே தூங்கப்போட்டிருக்கிறோமே என்று அப்புறம்தான் நினைவு வந்தது. சும்மா குற்றாலம் மையத்தின் இருப்பு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டைத் திறந்து பார்த்தேன். மற்ற மையங்களின் கோடுகள் படி இறங்குவது போல இறங்கி, வண்டி வந்ததும் ஏறும். குற்றாலத்தின் கோடு அடிமட்டம் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது. நாள் கணக்கில் ஒரு கேன்கூடக் குறையவில்லை. மென்பொருள் அதைப் பார்த்து, நிறைய இருப்பு இருக்கிறது, ஆர்டர் தேவையில்லை என்று முடிவு செய்து, எல்லாம் நலம் என்று பச்சை விளக்கும் போட்டு வைத்திருந்தது.

இசக்கியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"சீசன் கூட்டத்துல பஸ்ஸு கிடைச்சிருக்காது அண்ணாச்சி. யாரும் வரல போல."

"டயாலிசிஸுக்கு வாரவங்க கூட்டம் பாத்து நிப்பாங்களாம்மா? நின்னா இருப்பாங்களா?"

அவள் கேலியை நிறுத்திவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்குப் பக்கத்து மையங்களின் கோடுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். இரண்டு மூன்று கோடுகள் கிட்டத்தட்ட நேராக இருந்தன. ஆனால் அவை சிறிய மையங்கள், ஆட்கள் குறைவு, இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். எது உண்மை, எது பழைய கணக்கு என்று பிரிக்க வழியில்லை. பழைய கணக்குக்கும் அன்றைய தேதியைப் போட்டுத்தான் மென்பொருள் காட்டியது.

குற்றாலத்து மையத்தின் போன் கிடைக்கவில்லை. அங்கே பொறுப்பு நர்ஸ் பிந்து. செங்கோட்டைப் பெண். அவருடைய செல்போனுக்கு அடித்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் செல்போனைப் பூட்டி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பது அந்த மையத்து விதி. மணி அடித்து ஓயும், மறுபடி அடிப்பேன், மறுபடி ஓயும்.

"நான் ஸ்கூட்டர எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்றாள் இசக்கி. சொல்லும்போதே சாவியை எடுத்துவிட்டாள். தென்காசியிலிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம்தான். சீசனில் அந்தக் கூப்பிடு தூரத்தைக் கடப்பதற்குள் தலையில் எண்ணெய் வைத்தவன் குளித்துத் துவட்டி வந்துவிடுவான்.

அவள் போனதும் அறையில் நான் தனியாக. அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அன்றைக்கான வண்டி ஆலங்குளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. மென்பொருள் போட்ட லோடு. அதில் குற்றாலத்துக்கு ஒரு கேன்கூடக் கிடையாது. பாவூர்சத்திரம் வந்து, அங்கிருந்து சுரண்டைப் பக்கம் திரும்பி, அப்படியே வடக்கே போய்விடும். திரும்பிவிட்டால் அன்றைக்கு அது குற்றாலத்துக்குக் கிடைக்காது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். என் நாற்காலியில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? கையில் இருப்பது ஒரு நேர்கோடு. அதற்கு நூறு காரணம் இருக்கலாம். நர்ஸ் கருவியில் காட்ட மறந்திருக்கலாம். மையத்தை இரண்டு நாள் மூடியிருக்கலாம். நிறுத்தினால் ஒரு வண்டியை மட்டும் நிறுத்த முடியாது, அந்த மென்பொருளில் அப்படி வசதியில்லை, எல்லாத் தடத்து ஆர்டர்களும் நிற்கும். சுரண்டையில் காத்திருப்பவர்களும் நோயாளிகள்தான். பொய்ச் சந்தேகத்துக்காக அவர்கள் சாமானை நடுரோட்டில் நிறுத்தி, அதனால் அங்கே ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தக்காளி அழுகினால் ஏச்சோடு போகும். இது தக்காளி இல்லை.

சந்தேகத்துக்கு நிறுத்தாதே, தெரிந்தால் நிறுத்து. சரி, தெரியட்டும், இசக்கி போய்ச் சேரட்டும் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். திரையில் வண்டி ஒரு புள்ளியாக நகர்ந்து பாவூர்சத்திரத்தை நெருங்கியது. தெரிகிற நேரத்தில் வண்டி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. மேலாளர் சொன்ன வார்த்தை மண்டிக்குச் சரி. அங்கே தெரிந்த பிறகு நிறுத்தினாலும் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். இங்கே தெரிந்த பிறகு காப்பாற்ற ஒன்றும் இருக்காது. அடியிலிருந்து யோசித்தேன். நான் தப்பாக நிறுத்தினால் சுரண்டைக்குச் சில மணி நேரம் தாமதம், அதைப் போன் போட்டுச் சரிபார்க்க முடியும், அங்கே போன் கிடைக்கிறது. நான் தப்பாக விட்டால், குற்றாலத்தில் என்ன நடக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு வழியில்லை. கேட்க முடிகிற இடத்தில் தப்புச் செய்வது மேல். அன்று எனக்குத் தோன்றியது அவ்வளவுதான், அதற்கு மேல் பெரிய ஞானம் ஒன்றும் இல்லை.

நிறுத்தினேன். காரணம் என்ன என்று மென்பொருள் ஒரு பட்டியலை நீட்டியது. பழுது, பராமரிப்பு, விடுமுறை என்று வரிசையாக இருந்தது, சந்தேகம் என்று ஒன்று இல்லை. 'மற்றவை' என்பதை அமுக்கினேன்.

மறுநிமிஷம் போன்கள் ஆரம்பித்தன. முதலில் ஆலங்குளம் குடோன் மேலாளர்.

"என்ன அண்ணாச்சி, எல்லா ஆர்டரும் நின்னுபோச்சு?"

"நான்தான் நிறுத்தினேன். குற்றாலத்துக் கணக்கு பொய்னு தோணுது."

"தோணுதா? ஒரு சென்டருக்குத் தோணுததுக்கு எல்லாரையும் நிறுத்துதியளா? சுரண்டைக்காரங்க இந்த வண்டிய நம்பி இருக்காங்க. நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சின்னா என்னயத்தான கேப்பாங்க?"

"என்னயக் கேக்கச் சொல்லுங்க."

"நல்லா சொன்னிய" என்று வைத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் தன் பயத்தைப் பட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வண்டி டிரைவர். அவருடைய செல்போனில் 'காத்திருக்கவும்' என்று வந்திருக்கிறது. "அண்ணாச்சி, சந்தைக்கு எதுத்தாப்புல நிக்கேன். பின்னால வெங்காய வண்டி. லோடுமேனெல்லாம் ஏசுதானுவ. போகவா, நிக்கவா?"

"நில்லுங்க தம்பி."

"எம்புட்டு நேரம்?"

"தெரியலப்பா. ஓரமா ஒதுக்கிப் போட்டு நில்லுங்க. டீ குடிங்க."

"டீ குடிச்சாச்சி" என்றார், ரொம்பச் சலிப்பாக.

மூன்றாவது சென்னையிலிருந்து எங்கள் மேலிடம். "எவிடன்ஸ் என்ன இருக்கு சார்?" என்று கேட்டார்கள். ஒரு நேர்கோடு இருக்கிறது என்றேன். "அரை மணி நேரத்துல சொல்றேன்" என்று நானே வைத்துவிட்டேன். எப்படிச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில் செய்ய முடிந்த ஒன்றைச் செய்தேன். போன் கிடைக்கிற மையங்களுக்கெல்லாம் அடித்து, கேன் எத்தனை இருக்கிறது என்று கேட்டேன்.

"சிஸ்டத்துல தெரியுமே சார்?" என்றார் தென்காசி மையத்து நர்ஸ்.

"தெரியுது சிஸ்டர். நீங்க ஒரு தடவ கதவத் திறந்து கண்ணால பாத்து சொல்லுங்க."

அலுத்துக்கொண்டே போய் எண்ணிச் சொன்னார். குற்றாலத்துக்குக் கடன் கேட்க முடியாதபடி அவர்களுக்கே மட்டுமட்டாக இருந்தது. சுரண்டையில், இன்றைக்குக் கவலையில்லை, நாளைக் காலைக்குள் வந்தாக வேண்டும் என்றார்கள். அதைக் கேட்டபோது பாதி மூச்சு வந்தது. நாளைக் காலை என்றால் இன்னும் வழியிருக்கிறது. மற்ற பாதி மூச்சு குற்றாலம் சாலையில் எங்கோ இசக்கியோடு மாட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அடித்தால் எடுக்கவில்லை. மழையில் வண்டி ஓட்டுகிறவள் எப்படி எடுப்பாள்? வழுக்கி விழுந்திருப்பாளோ என்று அதற்கும் ஒரு பயத்தைச் சேர்த்துக்கொண்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

கடைசியில் அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. "அண்ணாச்சி, உள்ள வந்துட்டேன். மரம் சாஞ்சு லைன் அறுந்து கிடக்கு இங்கன. ஸ்டோர் ரூமப் பாத்துட்டேன். மத்தியான ஷிஃப்டுக்குத்தான் கேன் இருக்கு. சாயந்திரத்துக்கு ஒண்ணுமில்ல. சிஸ்டர்ட்ட குடுக்கேன்."

பிந்து சிஸ்டர் பேசினார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"வண்டி இன்னிக்கு வரும், இன்னிக்கு வரும்னு இருக்கேன் சார். எங்க திரையும் லைன் போன அன்னிக்குக் காட்டின பச்சையிலயே நிக்குது."

"ஒரு போன் போட்டிருக்கலாமே சிஸ்டர்?"

"நீங்கதான சொன்னிய, போன் பண்ண வேண்டாம், தானா வரும்னு."

அப்படிச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்ததில் நானும் ஒருவன்.

"சாயந்திரத்துல கோமதி அக்கான்னு ஒருத்தங்க வருவாங்க" என்று அவரே தொடர்ந்தார். "செங்கோட்டைல ஜாக்கெட் தைக்காங்க. போன தடவ ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வரல. கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு, படுத்தா மூச்சு முட்டுதுன்னு நேத்து சொல்லி அனுப்பியிருக்காங்க. மத்தவங்களக்கூட நாளைக்கு வரச் சொல்லிருலாம். அவங்கள என்னால அப்படிச் சொல்ல முடியாது சார்."

குடோன் மேலாளரை மறுபடி கூப்பிட்டேன். பிந்து சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். முடித்ததும், "அந்த வண்டிய நீங்க குற்றாலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. சுரண்டைக்கு நான் வேற வண்டி பிடிச்சு விடுதேன். விடியதுக்குள்ள நிக்கும், அது என் பொறுப்பு" என்றார். சற்று முன் என்னை ஏசிய அதே மனிதர்தான். பயத்தில் இருக்கிறவரிடம் வாதம் செய்யாதீர்கள், அவருக்கு நிலவரத்தைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அது போதும்.

மென்பொருளை மறுபடி ஓடவிட்டு டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னதும், "இத முதல்லயே சொல்லப்படாதா?" என்று கிளப்பினார். முதலிலேயே எனக்கே தெரியாது என்று அவரிடம் சொல்லவில்லை. பாவூர்சத்திரத்திலிருந்து தென்காசிவரை புள்ளி நன்றாக நகர்ந்தது. தென்காசி தாண்டியதும் ஊர ஆரம்பித்தது. குற்றாலத்துக்கு முன்னால் சரக்கு வண்டிகளைச் சுற்றுவழியில் திருப்பிவிடுகிறார்கள் என்று டிரைவர் போன் போட்டார். இசக்கி ஸ்கூட்டரில் எதிரே வந்து, காவலரிடம் டயாலிசிஸ் சாமான் என்று சொல்லி, தானே முன்னால் போய் வழி விலக்கிக் கூட்டிப் போயிருக்கிறாள். துண்டோடு ரோட்டில் நின்ற குளியல்காரர்கள் எல்லாம் அவளை ஏசியிருக்கிறார்கள். "அண்ணாச்சி, இன்னிக்கு நம்ம எல்லாருக்கும் ஏச்சுப் படியளந்த நாள்" என்றாள் பிறகு.

வெளிச்சம் இருக்கும்போதே கேன்கள் உள்ளே போய்விட்டன. கோமதியை இயந்திரத்தில் போட்டாயிற்று என்று இசக்கி சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, என்ன சொன்னார் என்பது.

"'இவ்வளவு பிந்தி ஏத்தினா கடைசி பஸ்ஸ விட்டுருவேனே, தைக்கக் கொடுத்தவ வந்து நிப்பாளே'ன்னு ஏசுதாங்க" என்றாள். சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது, அறையில் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இசக்கிதான் அவரைத் தன் ஸ்கூட்டரில் செங்கோட்டைக்குக் கொண்டுபோய் விட்டாள்.

அந்த மாத அறிக்கையில் என்ன வந்தது தெரியுமா? மென்பொருள் தடையின்றி ஓடியது, பழுது ஒன்றும் இல்லை என்று வந்தது. ஒரே ஒரு குறை, 'மற்றவை' காரணமாகப் பணியாளர் ஒருவர் கையால் நிறுத்திய நேரம் என்று ஒரு சிவப்புக் கட்டம். அந்தச் சிவப்பு நான்தான்.

அதற்குப் பிறகு சில காரியங்கள் மாறின. பழைய கணக்கு என்றால் பழையது என்று திரையில் தெரிய வேண்டும் என்று எழுதியவர்களோடு மல்லுக்கட்டி மாற்ற வைத்தோம். ஒரு எச்சரிக்கையைத் தூங்கப்போடுகிறவர் தன் பெயரையும், எப்போது எழுப்புவார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். சாரல் தூக்கம் ஒழிந்தது. வடை ஒழியவில்லை, அதற்கு இசக்கி சம்மதிக்கவில்லை. இவற்றையெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். சொல்லாதது ஒன்று உண்டு. தினமும் காலையில் மையங்களுக்குப் போன் போட்டு, "நேத்து எத்தன பேரு வந்தாங்க?" என்று வாயால் கேட்பது. தானியங்கி மென்பொருளைக் காவல் காக்கிறவன் கையால் போன் போடுகிறானே என்று சென்னையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். போன் பண்ண வேண்டாம் என்று சொன்னது நாங்கள்தானே, நாங்களே பண்ணிக்கொள்கிறோம்.

சீசன் அடங்கி வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலை, பிந்து சொன்ன எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. யார் என்று கேட்காமலே போனை வைத்துவிட்டேன். அடுத்தடுத்த நாள்களில் கோமதிக்குரிய முறை வந்தபோதெல்லாம் அதே ஒன்று குறைந்தது. திரையில் குற்றாலத்துக் கோடு முன்பைவிட மெதுவாக இறங்கியது. பார்க்கிற வேறு எவரும், கேன் மிச்சமாகிறது, நல்லது என்றுதான் நினைப்பார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னென்னவோ கேட்டேன், லைன் எப்படி இருக்கிறது, கருவி வேலை செய்கிறதா என்று. அந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்காதவரை அது நடந்திருக்காது என்று ஒரு அசட்டு எண்ணம். எச்சரிக்கையைத் தூங்கப்போடுவது என்பது இதுதான், வேறில்லை.

கடைசியில் இசக்கி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டாள்.

"கோமதி அக்காவா? கொல்லத்துல மக வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றார் பிந்து. "அங்கன பக்கத்துலயே ஏத்திக்கிடுதாங்க. ஓணம் கழிஞ்சுதான் வருவாங்க, கேட்டோ. சொல்லணும்னே நினைச்சேன், மறந்துட்டேன்."

இசக்கி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள்.

ஓணம் முடிந்தது. கொல்லம் ரயில்களில் வந்த கூட்டமும் ஓய்ந்தது. ஒரு நாள் காலை, போன் போடுவதற்கு முன்னாலேயே குற்றாலத்துக் கோட்டைத் திறந்தேன். முந்தின நாளுக்கு அது, கோமதி கொல்லம் போன பிறகு இறங்கி வந்ததைவிட ஒரு படி கூடுதலாகக் கீழே இறங்கியிருந்தது. இசக்கி எட்டிப் பார்த்தாள்.

"இருப்பு குறையுது அண்ணாச்சி."

"குறையட்டும்மா" என்றேன்.